சேர்ப்புச் சாலை வீட்டிலிருந்து

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால் பங்கு சுகம். மீதிக் கால் பங்கு என்னவென்று கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும். கப்பல் பட்டறையில் குளிர் குறைந்ததா? வெல்டிங் பொறி தெறித்த கை ஆறியதா? புதுச் சட்டை கழுத்தில் இறுக்குகிறது என்று நீ சொன்னதை எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். “தம்பிக்கு இப்ப தலைக்கனம் கூடியிருக்கு, கழுத்தும் அதுக்கேத்த மாதிரி தடிச்சிருக்கும்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேச்சை ஆரம்பித்தாலே, “அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீயும் உன் மனைவியும் பேசிக்கொள்ளாமல் இருப்பது எனக்குத் தெரியாது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நீ போனில் அவளிடம் கத்தியது அடுக்களை வரைக்கும் கேட்டது. “நான் வெயில்ல நின்னு போட்ட கேட்டை இடிக்கறதுக்கு வெளியாள் எதுக்கு? அதான் நீ இருக்கியே” என்றாய். அதற்கப்புறம் உன் போன் எனக்கு மட்டும்தான் வருகிறது. அதிலும் அவளைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. முழங்கால் எப்படி இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, அவ்வளவுதான்.

அதனால் நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். மாமியார் மருமகளைப் புகழ்ந்து எழுதினால் காகிதமே நம்பாது. ஆனாலும் கண்ணால் பார்த்ததை வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

நீ வந்துபோன பிறகு நம் தெரு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. தெருக்கோடியில் காலி மனையாகக் கிடந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அதற்கப்பால் ஆஸ்பத்திரி, அதற்கும் பின்னால் பெரிய கிடங்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் வழி நம் வாசல்தான். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் ஆம்புலன்சும் லாரியும் பள்ளிக்கூட வேனும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. முன்பு நடுரோட்டில் படுத்துத் தூங்கிய அந்தப் பழுப்பு நாய்கூட இப்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறது.

தையல்காரர் அப்படிப் பார்க்கவில்லை. பொத்தான் வாங்கப் போனவரை டெலிவரி வேன் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கைத்தடியோடு வந்து சேர்ந்தார். ஒருநாள் அவரை ரோட்டைக் கடக்க வைக்கலாம் என்று என் பழைய விசிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். விளையாட்டு டீச்சராக இருந்த காலத்தில் நான் ஊதினால் மைதானமே அசையாது, உனக்குத் தெரியும். இங்கே ஊதினேன், ஒரு ஸ்கூட்டர்கூட நிற்கவில்லை. ஒருவன் எனக்குப் பதில் சொல்வது போல ஹாரன் அடித்துவிட்டுப் போனான். ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்த உன் மனைவி ஓடிவந்து அவருக்குத் தோள் கொடுத்தாள். “விசிலுக்கு நிக்க மாட்டாங்கத்தை. கோட்டுக்கும் விளக்குக்கும்தான் நிப்பாங்க. அதைப் போடணும்னா மொதல்ல இந்த ரோட்டோட பேரை மாத்தணும்” என்றாள்.

நகராட்சியில் ரோடு பிரிவு இன்ஜினியர் என்று நாம் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே தவிர, அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். ஒவ்வொரு ரோட்டுக்கும் அவர்கள் ஆபீஸில் ஒரு வகை உண்டாம். நம்முடையது குடியிருப்புத் தெரு. இங்கே குடியிருப்பவர்களின் வண்டி மட்டும்தான் போகும் என்று வைத்திருப்பதால் நடைபாதை, கடக்கும் கோடு, சிக்னல் எதுவும் இதற்குக் கிடையாது. “இந்த ரோட்ல லாரி வருதுன்னே ஃபைல்ல இல்லத்தை. வராத லாரியை எப்படி நிறுத்தறது?” என்று கேட்டாள். வகையை மாற்றிவிட்டால் எல்லாம் போடலாம், லாரி எந்த நேரத்தில் வரலாம் என்று கட்டுப்பாடும் வைக்கலாம். ஆனால் நடைபாதைக்கு இடம் வேண்டும். ரோட்டு எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் படி, கேட், கூரை எல்லாம் உள்ளே போக வேண்டும்.

நம் கேட்டும் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. கார் வாங்கினால் நிறுத்த இடம் போதாது என்று நீதான் வெளியே தள்ளி வைத்தாய். நானும் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் தள்ளு என்றேன்.

அவள் முதலில் செய்த காரியம், தன் வீடும் இந்த ரோட்டில்தான் இருக்கிறது என்று தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தது. நம் வீட்டை மட்டும் வேறொரு அதிகாரி அளக்கட்டும் என்று கேட்டாள். அவரும் டேப்பும் பெயிண்டுமாக வந்தார். தங்கமான மனுஷர். கூட வேலை செய்பவள் வீடாயிற்றே என்று டேப்பைக் கொஞ்சம் தாராளமாகப் பிடித்து, நடைபாதைக்கான கோட்டை எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டார். நம் கேட் தப்பிவிட்டது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சந்தோஷம்தான். டீ போடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் வந்து பார்த்தாள். எதிரே தையல்காரர் கடைப் படியையும் பார்த்தாள். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, ஈரம் காயாத அந்தக் கோட்டை அவளே உட்கார்ந்து தேய்த்து அழித்தாள். “சார், நம்ம பக்கம் தப்பிச்சது அவர் பக்கம்தான் போய் விழுது. ரோட்டு நடுவுலேருந்து திருப்பி அளங்க” என்றாள். அந்த மனுஷருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் உள்ளே வந்து, அவருக்கும் சேர்த்து டீ போடச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். இரண்டு பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

அந்தக் கோபத்தோடுதான் ஆட்சேபணையும் எழுதினேன். ஆமாம், நானும் எதிர்த்து எழுதினேன், ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. அவள் சாப்பாட்டுப் பையிலேயே வைத்து, ஆபீஸில் சேர்த்துவிடு என்றேன். “குடுங்கத்தை. ஆட்சேபணை வந்தாத்தான் எனக்கும் பதிலைச் சரியா எழுத வரும்” என்று சிரித்தாள். சாயங்காலம் முத்திரை குத்திய ரசீதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது, நீயே சொல்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தைப் பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். தெருவே திரண்டு வந்திருந்தது. காரணம் ஒரே ஒரு வார்த்தை. சுவரில் ஒட்டிய அறிவிப்பில், இந்தத் தெரு இனிமேல் ‘கலெக்டர் சாலை’ என்று வகை மாற்றப்படும் என்று அச்சடித்திருந்தார்கள். நம் குடியிருப்போர் சங்கத் தலைவரை உனக்கு ஞாபகம் இருக்கும், மைக் மாமா. மைக்கே தேவைப்படாத குரல். அவர் வீடு வீடாகப் போய், “பில் கலெக்டர், டிக்கெட் கலெக்டர் மாதிரி இது கலெக்டர் ரோடு. வசூல் பண்ணப் போறாங்க. நம்ம வீட்டுக்கு நாம போறதுக்கே சுங்கம் கட்டணும்” என்று சொல்லி எல்லாரையும் கிளப்பி விட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன். கீரை வாங்கப் போய் வருவதற்கும் கட்ட வேண்டுமா என்பதுதான் என் கவலை.

தையல்காரர் இந்த எதிர்ப்பில் ஒற்றைக் காலில் நின்றார். நிஜமாகவே ஒற்றைக் காலில்தான். கைத்தடியைத் தூக்கிக்கொண்டு, “ரோட்டுக்கு நடுவுல கேட்டு போட்டு வசூல் பண்ணுவீங்க, இல்லைங்கறீங்களா?” என்று கேட்டார். மேடையில் இருந்த அதிகாரிகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதைப் பார்த்துக் கூட்டம் கொதித்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். மைக் மாமா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். உன் மனைவியைப் பார்த்து, சொந்த வீட்டு வாசலையே விட்டுவைக்காதவள் நம் வாசலையா விடுவாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று பலம் கொண்ட மட்டும் விசிலை ஊதினேன். ஹால் கப்பென்று அடங்கியது. ரோட்டில் போன என் மானம் ஹாலில் திரும்பி வந்தது.

அந்த அமைதியில் அவள் மேடையை விட்டு இறங்கினாள். அவள் சிரிக்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். நேராகத் தையல்காரரிடம் போனாள். “அண்ணே, தப்பு எங்க மேலதான். புரியாத வார்த்தையை எழுதி ஒட்டினது நாங்க” என்றாள். பிறகு, “சட்டையில கையை ஒட்டுற தையலும் கையோட அடித் தையலும் பக்கத் தையலும் அக்குள்கிட்ட வந்து சேருதில்ல, அங்க எத்தனை ஓட்டு ஓட்டுவீங்க?” என்று கேட்டாள். இழுப்பு விழுகிற இடம், அதனால் ரெட்டைத் தையல் என்றார் அவர். “அதேதாண்ணே. சின்னத் தெரு வண்டியெல்லாம் வந்து சேர்ற ரோடு இது. சேர்த்துக் கொண்டுபோய்ப் பெரிய ரோட்டுல விடுது. வசூல் ஒண்ணும் இல்ல. இழுப்பு விழுற இடம், அதனால ரெட்டைத் தையல் போடணுங்கறோம்” என்றாள்.

அவர் குனிந்து தன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளா ஒத்தைத் தையல்லதான் ஓட்டிட்டிருந்தமா?” என்றார். மைக் மாமா மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினார்.

அதன் பிறகு ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பதில் சொன்னாள். என்னுடையதும் வந்தது. வீட்டு எண்ணை மட்டும் சொன்னாள், என்ன உறவு என்று சொல்லவில்லை. கேட் நகர்வதால் அந்த வீட்டாருக்கு வருத்தம் ஏற்படும் என்பது நியாயமானது, அதைத் துறை மதிக்கிறது, ஆனாலும் கோட்டை மாற்ற இயலாது என்று படித்தாள். வருத்தம் என்று நான் எழுதவே இல்லை. நான் எழுதியது கோபம். அந்த வார்த்தையைப் போட்டது அவள். யாருடைய வருத்தத்தை நினைத்துப் போட்டாள் என்று நீ யோசித்துப் பார்.

வகை மாறிவிட்டது. புது அறிவிப்பில் ‘சேர்ப்புச் சாலை’ என்று தமிழில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் எனக்குக் கிடைக்காத பதவி உயர்வு நம் தெருவுக்குக் கிடைத்துவிட்டது. தையல்காரர் தன் கடைப் பலகையில் முதல் ஆளாகப் புதுப் பேரை எழுதிக்கொண்டார். நடைபாதை போட்டாயிற்று, கடக்கும் கோடும் போட்டாயிற்று. சத்தம் ஒன்றும் குறையவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று அவர் கைத்தடியோடு கோட்டில் கால் வைத்ததும் ஒரு லாரி நின்றது. நடு வழியில் நின்று, எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது கேட் விஷயம். தெருவில் முதலில் கழற்றியது நம் கேட்டைத்தான். வந்த வெல்டர், ரெண்டு பக்கமும் அறுத்துவிட்டால் வேலை சுலபம் என்றார். அவள் விடவில்லை. “இது எங்க வீட்டுக்காரர் போட்ட கேட். அவர் பத்த வச்ச இடம் ஒண்ணுலயும் கை வைக்காதீங்க” என்றாள். முழுதாகக் கழற்றி, உள்ளே தள்ளி, கீழே தண்டவாளம் வைத்து, பக்கவாட்டில் நகர்கிற மாதிரி மாட்டியிருக்கிறார்கள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வெயிலில் கூடவே நின்றாள். ஒரு கம்பி குறையவில்லை. வெயிலில் நின்றது நீ ஒருத்தன் மட்டுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீ வாங்கப் போகும் கார் சின்னதாக இருந்தால் உள்ளே வரும். பெரிதாக வாங்கினால் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வா. இதையெல்லாம் உன்னிடம் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டேன். “அவரா கேட்டா சொல்லுங்கத்தை” என்றாள். நீயாகக் கேட்பாய் என்று நானும் பொறுத்துப் பார்த்தேன்.

உன்னைப் பெற்றவள் நான், உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருக்கிறவனுக்கு வீடு என்றால் தான் கடைசியாகப் பார்த்த வாசல்தான். அதை நகர்த்தினால் வலிக்கும். ஆனால் அதை நகர்த்தியவளுக்கும் வலித்தது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மிச்சமிருக்கிற வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். பக்கத்தில் போன், சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறாள். லாரி இரைச்சலில் கேட்காமல் போய்விடக் கூடாதல்லவா. போன வாரம் முழங்கால் வலியில் எனக்கு எழுந்து போகச் சோம்பல். டீ ஆறுகிறதே என்று அடுக்களையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்ததும் அவள் எழுந்த வேகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்புறம் போனில் என் பேரைப் பார்த்தாள். “இதோ வரேங்கத்தை” என்று எப்போதும் போலத்தான் சொன்னாள். முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

அன்றையிலிருந்து நான் அவளுக்குப் போன் போடுவதில்லை. எது வேண்டுமானாலும் வாசல் வரைக்கும் நடந்து போய்த்தான் கூப்பிடுகிறேன். அந்த மணிச் சத்தத்தை உனக்கென்று விட்டுவைத்திருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு, கண்ணாடி போடாமல் பற்றவைக்காதே. உன் கை பட்டதெல்லாம் உறுதியாக ஒட்டிக்கொள்ளட்டும். எனக்கு முழங்கால் வலிக்கிறது, ரொம்ப நாள் என்னை நடக்க விடாதே.

ஆசியுடன்,
அம்மா