இருபத்தொன்றாவது வீடு

மண்டி மொஹல்லா, மைசூர்
14.6.1997

மாரக்காளுக்கு சென்னிமலை எழுதுவது.

நாலு வருசம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது ஆபீஸ் விசயம்.

நான் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் படிவம் சரிபார்க்கிறேன். கிராமத்துக் குடும்பங்களின் வருமானம் வருசங்கள் போகப் போக எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். 91-ல் ராமாபுரத்தில் நாற்பத்தோரு வீட்டில் கேட்டார்களே, அதே வீடுகளில் இந்தச் சித்திரையில் மறுபடி கேட்டார்கள். கூட்டி வகுத்தால் ரெண்டு பண்ணைக்காரர்களால் ஊரே பணக்கார ஊராகிவிடும். அதனால் குறைந்த வருமானத்திலிருந்து கூடியது வரை படிவங்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, நட்டநடுவில் இருக்கும் வீட்டை எடுப்போம். அந்த வீட்டு வருமானம்தான் ஊர் வருமானம் என்று அறிக்கையில் போகும்.

நேற்று இருபத்தொன்றாவது படிவத்தைக் கையில் எடுத்தால், உன் பேர்! போன தடவை நம் வீடு பன்னிரண்டாவது. இப்போது பட்டுக்கூடு விற்ற வருமானம் எழுதியிருக்கிறது. 'நானில்லாமல் எப்படிப் பிழைக்கிறாய், பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். பார்த்துவிட்டேன், போதுமா?

ஆனால் 'யஜமானர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. உயிரோடு இருக்கிற மனுசனை இல்லை என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? மேலதிகாரி சரியாகக் கேட்டு எழுதச் சொல்கிறார். என்னைச் சேர்த்தால் என் சம்பளமும் சேர்ந்து நம் வீடு முப்பதைத் தாண்டிவிடும். நடு வீடு வேறொன்றாகிவிடும். உடனே பதில் போடு.

நம் பொண்ணு ஸ்வாதி எப்படி இருக்கிறாள்?

சென்னிமலை

ராமாபுரம்
20.6.97

மாமாவுக்கு மாரக்காள் எழுதிக்கொண்டது.

கிழிக்கலீங். ஆபீஸ் விசயம்னு போட்டிருந்தீங்களே, பயபக்தியாத்தான் படிச்சேன். ஸ்வாதி ஆறாங்கிளாஸ் போறா. கன்னடந்தான் அவளுக்கு ஓடுது, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணர்றா. அதனால உங்க லெட்டரை நான்தான் படிச்சுக் காட்டினேன். திட்டினதை விட்டுட்டுப் படிச்சேன்.

சித்திரையில கணக்கெடுக்க கிருஷ்ணராஜ்னு ஒருத்தர் வந்தாருங். பட்டுப்புழு கடைசித் தூக்கம் எந்திரிச்சு, போட்ட தழையெல்லாம் போதலைன்னு தின்னுட்டிருந்த நாளு. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. வாசல்ல நின்னு "யஜமான்ரு இதாரா?"ன்னு கேட்டார். கன்னடத்துல வீட்டுத் தலைவருக்கும் அதே பேரு, புருசனுக்கும் அதே பேருங்களே! உங்களைத்தான் வீட்ல இருக்காரான்னு கேக்கறாருன்னு நெனச்சு, "இல்ல"ன்னேன். அவர் அதையே எழுதிக்கிட்டுப் போயிட்டார். இருந்தாலும் அதுல பொய் என்னங்? நாலு வருசமா நீங்க வீட்ல இல்லதானுங்களே.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். 91-ல வந்தப்போ பதில் சொன்னது நீங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். "மனைவிக்கு வருமானம்?"னு கேட்டாங்க. "ஒண்ணும் இல்லீங்க, வீட்ல சும்மாதான் இருக்கா"ன்னீங்க. அன்னிக்குக் காலையில ரெண்டு எருமை கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு, சாணி வாரிட்டு வந்து நின்னவ நான். அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பேப்பரும் அங்கதானே இருக்கும், எடுத்துப் பாருங்க. என்னை இல்லைன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்ததுங் மாமா?

மாரக்காள்

மைசூர்
29.6.97

அன்புள்ள மாரக்காளுக்கு,

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. 'மனைவி: சும்மா. வருமானம்: இல்லை.' கீழே என் கையெழுத்து.

உட்கார்ந்து யோசித்தேன். அந்த வருசம் மழை பொய்த்து எனக்குக் கடலை ஒன்றும் தேறவில்லை. வீடு ஓடினது உன் பாலில். அதைச் சேர்த்தால் நம் வீடு அப்போதே பதினெட்டாவது. மேலதிகாரியிடம் சொன்னேன். முதலில் கத்தினார், அப்புறம் பழைய படிவங்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். நாற்பத்தோரு வீட்டில் முப்பத்தாறு வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கிறார்கள்! ராமாபுரத்தில் சும்மா இருக்கிற ஒருத்தியைக் காட்டு பார்க்கலாம். ஆறு வருசத்தில் ஊர் வருமானம் இவ்வளவு ஏறியது என்று எழுதி வைத்திருந்ததை நிறுத்திவிட்டார். எல்லா வீட்டிலும் பெண்களிடமே மறுபடி கேட்கப் போகிறார்கள். நம் வீட்டு 91 படிவத்தில் உன் பால் வருமானத்தை நானே சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தேன்.

வெட்கமாக இருக்கிறது மாரக்கா. நீ தழை பறிக்கிற ஊரில், சும்மா இருந்தவன் நான்தான்.

அந்த யஜமானர் கட்டத்தில் என்ன எழுதட்டும்? என்னை எங்கே எழுதட்டும்? ஆறு மாசம் ஒரே அடுப்பில் சாப்பிடாதவரைக் குடும்பத்தில் சேர்க்கக்கூடாது என்பது விதி. எனக்கு மனப்பாடம். இருந்தும் கேட்கிறேன், வரட்டுமா?

சென்னிமலை

ராமாபுரம்
6.7.97

மாமாவுக்கு,

சிவப்பு மையில எழுதினேன்னு படிச்சதும் அழுதுட்டேன். ஸ்வாதி என்னமோ ஏதோன்னு பயந்துட்டா.

யஜமானர் கட்டத்துல என் பேரை எழுதுங்க. உங்களை எதுலயும் எழுத வேண்டாம், அது பொய்யாயிடும். மறுபடி கேட்டு எத்தனாவது வீடா வந்தாலும் சரி, என் உழைப்புல வந்ததா இருக்கட்டும்.

வேலையை விட்டுட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன். ஆடி பொறந்ததும் அடுத்த ஈடு புழு வைக்கறேன், தழை பறிக்க ஆள் கிடைக்கலீங். சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, திங்கட்கிழமை விடியக்காலம் போங்க. சோறு இந்த அடுப்புல ஆக்கிப் போடறேன். ஆறு மாசம் வாரம் தவறாம வந்து சாப்பிடுங்க. அப்புறம் உங்களை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு நான் சொல்றேன்.

இப்படிக்கு,
யஜமான்ரு
மாரக்காள்