எட்டு வேகத்தில் எழுதியவை

3 நவம்பர் 2005, வியாழன்

சீடி ரைட்டர் வந்துவிட்டது. கம்பியூட்டர் பெட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி, காலை பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோய், றிஸாத்தின் கம்பியூட்டர் கடையில் அதைப் பெட்டிக்குள் பூட்டுவித்துக்கொண்டு மாலை லுணுகலைக்குத் திரும்பினேன். வழி முழுக்க மடியில்தான். தொடை இன்னும் மரத்துக் கிடக்கிறது.

“பத்து நாள் வெச்சிப் பாருங்க சேர். புடிக்காட்டி திருப்பிக் கொண்டாங்க. அம்பத்திரெண்டு ஸ்பீட்! பிளேன்டீ ஆறுறதுக்குள்ள சீடி வெளிய வந்திரும்” என்றான் றிஸாத். வேகம் என்றாலே எனக்குச் சந்தேகம். அதை அவனிடம் சொல்லவில்லை, தலையாட்டினேன்.

எதற்காக இது என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். தங்கை கருப்பம்மா குடியிருக்கும் பன்னிரண்டு காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்துக்கு மேலே, தேயிலைக்குள், ஆகஸ்ட்டில் ஒரு வெடிப்பு கண்டது. அன்றிலிருந்து வாராவாரம் அளக்கிறேன். மகள் மதுஷா கொழும்பிலிருந்து அனுப்பிய கெமராவில் படமும் எடுக்கிறேன். இதுவரை 412. பதுளையில் மண்சரிவு பார்க்கும் அதிகாரி எல்லாவற்றையும் சீடியில் மூன்று பிரதி கேட்டிருக்கிறார்: அவருக்கு, தோட்டத்துத் துரைக்கு, கொழும்புக்கு. 14ஆம் திகதிக்குள் வேண்டும். பிறகு எல்லோரும் தேர்தல் கடமைக்குப் போய்விடுவார்களாம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது.

4 நவம்பர், வெள்ளி

முதல் சோதனை. 412 படங்கள், 52 வேகம். மூன்று நிமிடம் பத்து செக்கன். சீடித் தட்டை உள்ளே தள்ளித் திறந்தேன். எண்ணினேன், 412. மறுபடி எண்ணினேன்.

இரண்டாம் சோதனை, அதே வேகம். மூன்று நிமிடம் எட்டு செக்கன். 412.

கோடு போட்ட கொப்பியில் அட்டவணை தொடங்கியிருக்கிறேன்: வேகம், நேரம், படங்கள், குறை. குறை என்ற நிரலில் இரண்டு முறையும் ‘இல்லை’ என்று எழுதினேன். குறை இல்லையா, எனக்குத் தெரியவில்லையா?

5 நவம்பர், சனி

மேலே போய் அளந்தேன். வெடிப்புக்கு மேல்புறம் ஒரு இரும்பு முளை, கீழ்ப்புறம் ஒன்று. இரண்டும் நானே அடித்தவை. இடையில் 31 அங்குலம். போன சனியும் 31, அதற்கு முந்தைய சனியும் 31.

கருப்பம்மா கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, நீங்க வாரா வாரம் அளக்குறதுல மலைக்கே வெக்கமாப் போயி நின்னுருச்சி போல!” பிறகு, “அப்பிடியே எங்கூட்டுக் கதவையும் அளந்து பாருங்க. சாத்த முடியல. மழைக்கு ஊதிப்போச்சி” என்றாள்.

தொழிற்சங்கத் தலைவர் கணபதி வழியிலேயே பிடித்துக்கொண்டார். “மாஸ்டர், சனம் கேக்குது. பயப்படணுமா, வேணாமா?”

“அளவு மாறவில்லை” என்றேன்.

“அப்ப வேணாம்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லையே! ஆனால் மறுக்கவும் இல்லை.

7 நவம்பர், திங்கள்

மூன்று பிரதிகளும் ஆயிற்று. 52 வேகம். பத்தே நிமிடத்தில் முழு வேலையும்.

8 நவம்பர், செவ்வாய்

அவமானம்.

அதிகாரியின் கம்பியூட்டர் முதல் தட்டை ஏற்கவே இல்லை. உள்ளே கரகரவென்று சத்தம், பிறகு மௌனம். இரண்டாவதில் படங்களின் பெயர்கள் வந்தன. ஆறு படம் திறந்தது, ஏழாவதில் திரை உறைந்தது. மூன்றாவதும் அதே கதி. நான் மூன்று தடவை ‘சொறி சேர்’ என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மகன் வயதுக்காரர்.

“கடைசியாக எவ்வளவு விரிந்தது?” என்று சிங்களத்தில் கேட்டார். விரியவில்லை, மூன்று வாரமாக அதே அளவு என்றேன். “அப்படியானால் அவசரமில்லையே” என்றார். 14க்குள் மறுபடி கொண்டுவரலாமாம்.

அவர் சொன்னது நியாயம்தான். பிறகு ஏன் என் மனம் ஒப்பவில்லை?

அங்கிருந்து நேரே றிஸாத்திடம். அவன் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான்.

“எழுதின டிரைவ்லயே தானே போட்டுப் பாத்தீங்க?”

“ஆமாம்.”

“அது தன்ட எழுத்த எப்பிடியும் வாசிச்சிரும் சேர். அடுத்தவன் வாசிக்கணுமே! கவர்மெண்டு கச்சேரிப் பக்கம் உள்ளதெல்லாம் கெழட்டு டிரைவ், ஒங்களையும் என்னையும் சேத்து வெச்ச வயசு. வேற வேற ஸ்பீட்ல எழுதிக் கொண்டாங்க. எங்கிட்டயும் ஒரு கெழவன் இருக்கான், போட்டுப் பாப்பம்.”

9 நவம்பர், புதன்

நாள் முழுக்க மழை. 52, 32, 16, 8. வேகத்துக்கு ஒரு தட்டு எழுதினேன். எட்டில் எழுத பத்து நிமிடத்துக்கு மேல். வீட்டில் நான்கும் குறையில்லாமல் திறந்தன. இம்முறை குறை என்ற நிரலை நிரப்பவில்லை.

10 நவம்பர், வியாழன்

றிஸாத்தின் பழைய டிரைவில்:
52 – திறக்கவில்லை.
32 – பாதி.
16 – திறந்தது, இடையிடையே திணறியது.
8 – 412.

பரீட்சை எழுதியவனையே விடைத்தாள் திருத்த விட்டிருக்கிறேன். முப்பத்தாறு வருடம் ஆசிரியராக இருந்தவன்.

திரும்பும் பஸ் பசறையில் நின்றபோது அது தோன்றியது. தேநீர் வாங்க இறங்கியவன், வாங்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

முளைகள்.

மேல் முளை நிற்கும் நிலம் அசையாது என்று எனக்கு யார் சொன்னது? நானாக நினைத்துக்கொண்டேன். இரண்டு முளையும் சேர்ந்தே இறங்கினால் நடுவில் அளவு எப்படி மாறும்? 31தான் வரும். லயம் ஆற்றோடு போகும்வரை 31தான் வரும்.

ஒருவேளை நான் வீணாகப் பயப்படுகிறேனா? பயப்படுவது எனக்குப் பழக்கம்.

11 நவம்பர், வெள்ளி

முளைப் பக்கம் போகவில்லை. லயத்துக்குத் தண்ணீர் போகும் தொட்டி மேலே கரும்பாறையில் கட்டியது, அது அசையாது. ஆகஸ்ட்டில் எடுத்த முதல் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அங்கே ஏறி நின்றேன். படத்தில், தொட்டியிலிருந்து லயத்துக்குப் போகும் கறுப்புக் குழாய் பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து தரையில் கிடக்கிறது. இன்று அது வீணைக் கம்பி மாதிரி தரையை விட்டு எழும்பி நிற்கிறது.

குழாய் சுருங்கவில்லை. லயம் கீழே போயிருக்கிறது.

பாறைக்கும் மேல் முளைக்கும் நடுவே தேயிலைச் செடிகளை விலக்கிப் பார்த்தேன். சருகுக்கு அடியில் இன்னொரு வெடிப்பு. கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குடை மேலேயே கிடக்கிறது. கணபதியிடம், “நான் அளந்தது பிழை. எல்லாரையும் இப்பவே கிளப்புங்க, ஸ்கூலுக்குப் போகணும்” என்றேன்.

“என்னா மாஸ்டர் இது! சனிக்கெழம பயமில்லேன்னீங்க, வெள்ளிக்கெழம ஓடுங்கறீங்க. நாளைக்கி என்னா சொல்லுவீங்க?”

சனம் கூடிவிட்டது. யாரோ சிரித்தார்கள். கருப்பம்மா, “அண்ணே, அந்தத் தட்டு மாதிரி நீங்களும் சுத்தாதீங்க. அடுப்புல சோறு இருக்கு” என்றாள். வாயைத் திறந்தால் முளை, குழாய், வெடிப்பு என்று எல்லாம் குழம்பியே வந்தது. கூட்டத்தின் முன் நின்றால் எனக்கு எப்போதும் அப்படித்தான். கடைசியில் ஒன்றுதான் சொல்ல முடிந்தது: “கதவ சாத்து புள்ள. சாத்திக் காட்டு.”

சாத்தினாள். மேலே இடித்தது. தோளால் தள்ளினாள். நான் நிலைக்கு மேலே கையைக் காட்டினேன். கதவு ஊதவில்லை, நிலைதான் கோணியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி ஓடிப்போய்த் தன் கதவைச் சாத்திப் பார்த்தாள். அதுவும் இடித்தது.

கருப்பம்மா உள்ளே போய்ச் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

12 நவம்பர், சனி

பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்தில். மழை கொட்டுகிறது. மலை அப்படியே நிற்கிறது. யாரைக் கேட்டுப் பள்ளியைத் திறந்தீர்கள் என்று துரை ஆளனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மூன்று பிரதி எழுதினேன், எட்டு வேகத்தில். நேற்று எடுத்த படங்களும் சேர்த்து 431.

13 நவம்பர், ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். ஒன்றும் விழவில்லை. இரண்டு குடும்பம் திரும்பிப் போகப் பார்க்கிறது. “நாளைக்கி அந்தியோட நானும் புடிச்சி வைக்க ஏலாது மாஸ்டர்” என்கிறார் கணபதி.

விழாவிட்டால் என் முகத்தை எங்கே வைப்பது? சீ, விழவேண்டும் என்றா நினைக்கிறேன்!

14 நவம்பர், திங்கள்

போகும் வழியில் மூன்று தட்டையும் றிஸாத்தின் பழைய டிரைவில் பார்த்துக்கொண்டேன். அதிகாரியின் கம்பியூட்டரில் முதலாவது அரை நிமிடம் முக்கியது. திறந்தது.

முதல் படத்தையும் 431ஆவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். குழாயைக் காட்டினேன். அவர் முகம் திரைக்கு அருகே போனது. எழுந்து ஜீப் சாரதியைக் கூப்பிட்டார்.

மூன்று மணிக்கு மலையில் நின்றார். நாலரைக்குக் கையெழுத்திட்ட கடிதம் கணபதியின் கையில். யாரும் லயத்துக்குத் திரும்பக்கூடாது.

16 நவம்பர், புதன்

பகல் ஒன்று நாற்பதுக்கு மலை சரிந்து, லயம் மண்ணோடு போயிற்று. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சாப்பிடும் நேரம்.

உள்ளே யாரும் இல்லை. ஒருவரும் இல்லை. ஒரு கோழி மட்டும்.

2 டிசம்பர், வெள்ளி

மலை ஓய்ந்ததும் போய்ப் படம் எடுத்தேன். பாறையில் தொட்டி இருக்கிறது. குழாய் இரண்டு முழம் தொங்கி, காற்றில் முடிகிறது.

கருப்பம்மா, லயத்துச் சனம் இப்போது தங்கியிருக்கும் கூடாரத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள்: “எங்கூட்டுக் கதவு இருக்குற படம் ஒண்ணு வேணும். அண்ணன்கிட்ட இல்லாம இருக்காது.” இருந்தது, 207ஆவது படம். கதவு பாதி திறந்து, படியில் அவளுடைய கோழி.

அதைத் தட்டில் எழுதி, பதுளைக்கு எடுத்துப்போனேன்.

“பத்து நாள்னு குடுத்தது, முப்பது நாளாகுது சேர்” என்றான் றிஸாத். ரைட்டரை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். “பொறகு அம்பத்திரெண்டு?” என்று கண்ணைச் சிமிட்டினான். எட்டு போதும் என்றேன்.

பிறகு அவனுடைய கிழவனில் தட்டைப் போட்டுப் பார்த்தேன். கதவு தெரிந்தது. அட்டவணையில் குறை என்ற நிரலில் ‘இல்லை’ என்று எழுதினேன்.