அக்காவிடம் கேட்கிறவர்கள்

மார்ச் 4

மார்பு எக்ஸ்ரேவுக்கு ஒரு பெரியவர் வந்தார். தகட்டோடு ஒட்டி நிற்கவைத்து, "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்றேன். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. படம் கலங்கிப்போய்த் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"நர்ஸம்மாகிட்ட. போன மாசம் தவறிட்டாங்களே, அவங்கதான். கேட்டா செய்றாங்களாம். வார்டுல எல்லாரும் சொல்றாங்க."

அவர் சொன்னது என் அக்காவை. நான் அவள் தங்கை என்று சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மார்ச் 5

அம்மாவிடம் சொன்னேன். கொதித்துவிட்டாள். "செத்தவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு வேதம் சொல்லுது. என் பொண்ண எதுக்குடி அதுல இழுக்குறாங்க?"

அக்கா போனதிலிருந்து அம்மா அழுது நான் பார்க்கவில்லை. எந்நேரமும் ஜெபம்தான்.

மார்ச் 9

காய்ச்சல் வார்டுக்குப் போனேன். அக்கா வேலை பார்த்த இடம். அங்கே தொற்றிய காய்ச்சல்தான் அவளைக் கொண்டுபோனது. யாரோ அவள் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் முன் நின்றாள். இது தப்பு என்றேன்.

"உயிரோட இருந்தப்போ, எனக்காக ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்னு கேட்டேன். அது தப்பில்லையே? இப்ப ஆண்டவர் பக்கத்துலயே இருக்காங்க. இப்ப கேட்டா மட்டும் தப்பா?"

பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். பிள்ளையின் சுடும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 10

அக்கா, அவங்களுக்கெல்லாம் நீ —

இல்லை. இப்படி எழுதக் கூடாது.

மார்ச் 14

போதகர் வந்தார். "தேவனுக்கும் நமக்கும் மத்தியஸ்தர் ஒருத்தர்தாம்மா, நடுவுல வேற ஆள் வேண்டாம். அந்தப் படத்த குடும்பத்துலயே யாராவது எடுத்துடுங்க." கெட்டவர் இல்லை, அக்காவின் அடக்க ஆராதனையில் பேச முடியாமல் உடைந்து நின்றவர். அம்மா என்னைப் பார்த்தாள்.

மார்ச் 15

எடுத்துவிட்டேன்.

மார்ச் 17

இப்போது ஆணியைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

எக்ஸ்ரே அறையில் "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். யாரும் வரவில்லை. ஆனால் அறை காலியாகவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி — யார் யாரோ கேட்டா செய்றியாம். கூடப் பிறந்தவ நான். எனக்கு ஒரு வார்த்தை கிடையாதா?

மார்ச் 20

பெரியவர் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இதை வைத்து யாருக்கு என்ன சொல்ல?

மார்ச் 22, ஞாயிறு

தலைவலி என்று அம்மா ஆராதனைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது சமையலறையில் சத்தம்.

"முகத்த மூடிக்கிட்டு போடின்னு எத்தன தடவ சொன்னேன்? கேட்டியா? பெத்தவ சொன்னா காதுல ஏறாதே உனக்கு!"

பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா தனியாக நின்றிருந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"யார்கிட்டம்மா பேசுற?"

"நான் ஒண்ணும் அவகிட்ட ஜெபம் பண்ணல. திட்டிக்கிட்டிருக்கேன். திட்டவும் கூடாதுன்னா எழுதியிருக்கு?"

மறுபடி ஆரம்பித்தாள், மூச்சுவிடாமல். அம்மாவும் அக்காவும் சண்டை போடும்போது நான் எப்போதும் சொல்வது தானாக என் வாயில் வந்துவிட்டது.

"அவளயும் கொஞ்சம் பேச விடும்மா."

அம்மா சட்டென்று நிறுத்தினாள். கையை நீட்டி, இரைந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். இரண்டு பேரும் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.