அரைக் கிளாஸ் டீயும் ஒரு சொம்புத் தண்ணீரும்

அண்ணே,

இன்று காலை நம் ஊர் முருகன் கோயிலில் ஒருவன் கையிலிருந்து சொம்பு நழுவிக் கல்தரையில் விழுந்தது. மார்கழி முதல் நாள். பழனிக்கு மாலை போட வந்தவர்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். சொம்பு உருண்டு வந்து என் காலடியில் நின்றது; தண்ணீர் சேலைக் கரையை நனைத்தது. அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். அப்படி ஒளித்து வைக்கப்படும் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. செத்துப்போனால் எல்லாரும் உத்தமர் ஆகிவிடுகிறார்கள். உனக்கு அந்தச் சலுகை கிடையாது. வெஞ்சனத்தில் உப்பில்லை என்று மதினி முன்னால் தட்டை வீசியவன் நீ. ஒட்டன்சத்திரத்தில் முருங்கையும் தக்காளியும் லாரியில் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்பினால், ஸ்டியரிங்கைப் பிடித்த கணத்திலிருந்து ராஜா என்கிற நினைப்பு உனக்கு. ஆனால் என்னைக் காலேஜுக்கு அனுப்பக் கூடாது என்று சித்தப்பா குதித்தபோது, "எந்தங்கச்சி படிக்கும், நான் ஓட்டுற வண்டி ஓடுற வரைக்கும் படிக்கும்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவனும் நீதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வண்டி ஒரு தடவை மலை இறக்கத்தில் பிரேக் போய், ஓரத்துப் பாறையில் முட்டி நின்றது. உனக்கும் கிளீனருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா தேங்காய் உடைத்தாள். ஊரே முருகன் காப்பாற்றினான் என்றது. நீயும் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் அதைக் கதையாகச் சொன்னாய். பிறகு நாங்கள் மறந்துவிட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டாக்டரம்மா நம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தார். குடிப்பழக்கத்துக்கும் மனநோய்க்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய ஆராய்ச்சி. சமூகப்பணி படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைக் களப்பணிக்குச் சேர்த்துக்கொண்டார். எரியோட்டைச் சுற்றிய ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். குடியைப் பற்றி ஒரு குழு கேட்கும். தூக்கம், பயம், துக்கம் பற்றி இன்னொரு குழு வேறொரு நாள் கேட்கும். நான் குடிக் குழுவில் இருந்தேன். ஆண்கள் சிரிப்பார்கள், பொய் சொல்வார்கள். அவர்களின் பெண்டாட்டிகள் கதவுக்குப் பின்னால் நின்று, இல்லை இல்லை என்று தலையாட்டி உண்மையைச் சொல்வார்கள்.

"குடிச்சதால மனசு கெட்டுச்சா, மனசு கெட்டதால குடிச்சாங்களா? எது முதல்லன்னு தெரியாம வைத்தியம் பண்றோம்" என்பார் டாக்டரம்மா. பயிற்சியின்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. நாள் தவறாமல் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால், இரண்டொரு நாளில் கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் வலிப்பும் வரும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். குடிப்பதை நிறுத்துவதால் ஒருவர் சாகலாம் என்பது எங்களுக்கெல்லாம் அன்றைக்குப் புதுச் செய்தி.

உனக்கு என் வேலை பெரிய வேடிக்கை. "ஏத்தா, ஊர்க்காரன் குடிச்சதையெல்லாம் எழுதப் போறியாம்ல? பேப்பர் பத்தாது பாத்துக்க" என்றாய் டீக்கடையில்.

"ஒன்னையும் கேக்கவா?" என்றேன்.

"சொந்தக்காரங்களக் கேக்கக் கூடாதுன்னு ஒங்க டாக்டரம்மா சட்டம் போட்ருக்காகல்ல? நான் தப்பிச்சேன்."

கடைக்காரர் எனக்கு முழு டீ கொடுத்தார். உனக்கு நீ சொல்லாமலே அரைக் கிளாஸ் ஊற்றினார். அதையும் நீ இரண்டு கையால் பொத்திப் பிடித்துத்தான் குடித்தாய். மார்கழிக் குளிர் என்றாய், நானும் நம்பிவிட்டேன்.

அந்த மார்கழியில்தான் மாலை போட்டாய். குடியை விட வேண்டும் என்று நினைக்கிற நம் ஊர் ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. மாலை கழுத்தில் இருக்கும்வரை சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மற்ற வருஷங்களிலும் நீ போட்டிருக்கிறாய், முதல் சில நாள் உடம்பு உதறும், பிறகு சரியாகிவிடும். முருகன் சோதிக்கிறான் என்பாய். மாலை போட்டுவிட்டு எல்லாரையும் நடத்திக் கூட்டிப்போகும் குருசாமி, "இந்த வருசத்தோட விட்ரு அப்பு" என்று சொல்லித்தான் உன் கழுத்தில் மாலையைப் போட்டாராம். நீயும் அன்றே அடியோடு நிறுத்திவிட்டாய்.

மூன்றாம் நாள் காலை, நான் பக்கத்து ஊரில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் சைக்கிளில் வந்து, "ஒங்கண்ணனுக்குச் சாமி எறங்கியிருக்கு, ஊரே கூடிருச்சு, நீயும் வந்து குறி கேட்டுக்கத்தா" என்று சந்தோஷமாகச் சொன்னார். மாலை போட்டு எத்தனை நாள் என்று விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். அவர் சைக்கிளிலேயே ஏறி வந்தேன்.

கோயில் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. நடுவில் பச்சை வேட்டியோடு நீ உட்கார்ந்திருந்தாய். கண் சிவந்து எங்கேயோ நிலைத்திருந்தது. காற்றில் எதையோ வளைத்துப் பிடித்து இரண்டு கையாலும் திருப்பினாய். சாம்பிராணிப் புகையில் வியர்வை உன் மார்பில் ஓடியது. பூக்காரம்மா உன் காலில் விழுந்து கேட்டாள்: "எம்மகளுக்கு இந்தத் தையிலயாச்சும் கல்யாணம் கூடுமா சாமி?"

"வளைவு வருது! வளைவு வருது! ஓரங்கட்டு, ஏலே, ஓரங்கட்டு!" என்று நீ கத்தினாய்.

கூட்டம் அரோகரா போட்டது. "ஒரு வளைவு தாண்டுனா நடக்கும்னு சொல்லிருச்சு" என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். பூக்காரம்மா கண்ணீரோடு விபூதி பூசிக்கொண்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அண்ணே. உன் மேலே, அந்தக் கூட்டத்தின் மேலே, அந்த அரோகராவின் மேலே. பிறகு பயம் வந்தது. நீ சாகப்போகிறாய், இத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டே அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு குருசாமியிடம் போய், "இது சாமி இல்லீங்க. சீக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன்.

"படிச்சுட்டா சாமியவே சந்தேகப்படுவியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். குருசாமி கோபப்படவில்லை. "ஆஸ்பத்திரி சாவு விழுகுற எடம்த்தா. மாலையோட அங்க எப்படிப் போறது? கழட்டுனா பாதி விரதத்துல கழட்டுன பாவம் அவனச் சேரும். நான் போட்டுவிட்ட மாலை" என்றார். அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது. உன்னைக் கெடுக்க நினைத்தவர் இல்லை அவர். உன் ஆத்மாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தார்.

நீ அதற்குள் சுவரிலிருந்து எறும்பு பொறுக்க ஆரம்பித்துவிட்டாய். சுவரில் எறும்பே இல்லை. நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்து நின்றபோது, அதுவரை தூணோடு ஒட்டி நின்ற மதினி மெதுவாக முன்னால் வந்தாள். உன் தட்டுகளை வாய்பேசாமல் பொறுக்கியவள்.

"வேட்டியிலயே ஒண்ணுக்குப் போயிட்டாக. ரெண்டு தடவ நான்தான் மறைச்சு மாத்திவிட்டேன். சாமி எறங்குன ஆளு அப்படிப் போவாகளா குருசாமி? நீங்க எம்புட்டுப் பேரப் பாத்திருக்கீக. கை வச்சுப் பாருங்க."

குருசாமி உன் நெற்றியில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மாலையோடவே போகட்டும். நானும் வாரேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். வண்டியக் கொண்டாங்கடா."

வெங்காய மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஒரு டெம்போவில் உன்னைக் கிடத்தினோம். திண்டுக்கல் போகும் வழியெல்லாம் உன் தலை குருசாமி மடியில் இருந்தது. உன் வலது கால் மட்டும் எதையோ மிதித்துக்கொண்டே வந்தது. மதினி அந்தக் காலை அமுக்கிப் பிடித்தாள், நிற்கவில்லை. டவுனுக்குள் நுழையும்போது வலிப்பு வந்தது. பல் கிட்டி, உதடு நீலமாகி, நீ விறைத்தாய். மதினி உன் மாலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய்விட்டாய் என்றுதான் நானும் நினைத்தேன்.

நீ போகவில்லை. ஊசி, குளுக்கோஸ், கட்டிலோடு சேர்த்துக் கட்டிய கைகள் என்று சில நாட்கள் கழிந்தன. ஒருநாள் விடிந்ததும் என்னைப் பார்த்து, "ஏத்தா, வண்டி எங்க நிக்கிது?" என்று கேட்டாய். நான் அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா வந்தார். குடியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "குடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?" என்றார்.

நீ ஜன்னலைப் பார்த்தாய். "சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன். சொல்லுங்க."

அதன் பிறகு நீ சொன்னதை உன் வாயாலேயே இங்கே எழுதிவைக்கிறேன். "அன்னிக்கு மலையில ஒண்ணுமே ஆகல டாக்டரம்மா. அதான் யார்ட்டயும் சொல்ல முடியல. கையோ காலோ போயிருந்தா எல்லாரும் வந்து பாத்திருப்பாக. ஒண்ணும் ஆகாதவன் என்னன்னு அழுவான்? கண்ண மூடுனா வண்டி எறங்குது. பிரேக்கு இல்ல. தெனமும் எறங்குது. ரெண்டு கிளாஸ் ஊத்துனா வண்டி நிக்கும், தூங்கிருவேன். அப்பறம் ரெண்டு பத்தல."

மதினி கட்டில் காலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை உன் மேலிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். தட்டை வீசியது தப்புத்தான். இன்றைக்கும் அது தப்புத்தான். ஆனால் வீசிய கை எதற்காக நடுங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா அந்த வாரமே எங்கள் வேலை முறையை மாற்றினார். இரண்டு குழு இல்லை. குடியையும் பயத்தையும் ஒரே ஆள், ஒரே உட்காரலில் கேட்க வேண்டும். உனக்கும் அதே மாதிரி, பயத்துக்கும் குடிப்பழக்கத்துக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது. நீ ஸ்டியரிங்கை விட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். நடுவில் இரண்டு தடவை மறுபடி விழுந்தாய், எங்களை மறுபடி ஓடவைத்தாய். எழுந்தும் வந்தாய்.

அடுத்த மார்கழிக்கு முன்னால் நீ குருசாமியிடம் போய், கை நடுங்குகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்காமல் மாலை போடாதீர்கள் என்று கேட்டாய். அவர் மறுத்தார். "மாலை போட வந்தவன்ட்ட குடியப் பத்திக் கேட்டா பொய் சொல்லுவான். கோயில்ல வச்சு ஒருத்தனப் பொய் சொல்ல வைக்கக் கூடாது அப்பு."

"கேக்க வேணாங்க. ஒரு சொம்பு நெறயத் தண்ணி மோந்து கையில குடுங்க. முருகன் காலடியில கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்க. சிந்துனவன எந்தங்கச்சிட்ட அனுப்புங்க. டாக்டரப் பாத்து, நடுக்கம் நின்ன பெறகு வந்து மாலை போட்டுக்கட்டும். நான் ஏன் அரை டீ குடிச்சேன்னு நெனைக்கிறீங்க? முழு கிளாசு கையில நிக்காது."

குருசாமி கடைசியில் சரி என்றாராம். முதல் வருஷம் முதல் ஆளாகச் சொம்பைத் தூக்கியவன் நீ. நான் வரிசை ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து மீசையை முறுக்கினாயே, அந்தத் திமிர் இருக்கிறதே.

ஈரல் மட்டும் உன்னை மன்னிக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் சில வருஷம் கழித்து, குடிக்காமலேயே, மஞ்சள் பூத்த கண்ணோடு போனாய். குருசாமியும் போய்விட்டார். இப்போது மாலை போடுகிறவர் அவருடைய மகன். இன்று காலை அவரிடம், இந்தச் சொம்பு வழக்கம் எப்போதிலிருந்து என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"அது ஆதிகாலத்துலருந்து இருக்குக்கா. இந்த முருகனுக்கே அப்படி ஒரு ஐதீகம்" என்றார்.

உன் பெயர் என் நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. ஆதிகாலத்து ஆளாக நீ இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். உனக்கு அது பிடிக்கும்.

சொம்பைத் தவறவிட்டவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். திண்டுக்கல்லில் நான் வேலை செய்யும் சிகிச்சை மையத்துக்கு உடனே கிளம்ப வேண்டும், குடியை எங்கள் கண் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினான். கையை இன்னும் அக்குளிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு குடிக்கிறாய் என்று நான் கேட்கப்போவதாக நினைத்து, பொய்யை ஆயத்தம் செய்துகொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"குடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தே அப்பு?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "சொன்னா சிரிப்பீங்கக்கா" என்றான்.

நான் சிரிக்கவில்லை, அண்ணே.