நாலிதழ் வில்வம்

திருவண்ணாமலை
14-5-1961

என் குழந்தைக்கு அப்பாவின் ஆசிகள்.

"லீவுலயும் காலேஜ்ல தங்கி, மூணு இதழுக்குப் பதிலா நாலு இதழ் வர்ற வில்வ இலைய ஆராயப்போறேன்ப்பா" என்று நீ சொன்னதும், "பி.எஸ்சி. படிக்கிற பொண்ணுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா?" என்று கத்தினேன். நாலிதழ் வில்வம் அபூர்வம், தேடி அலையாதே என்றேன். "அபூர்வம்னா எத்தனைக்கு ஒண்ணுப்பா?" என்று கேட்டாய். முப்பது வருஷம் அர்ச்சனை செய்தவனுக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று சந்நிதியில் ஒவ்வோர் இலையாகப் பார்த்து அர்ச்சித்தேன். ஆயிரத்தெட்டில் பதினொன்று நாலிதழ். நடுவே சுவாமியின் நாமங்களில் இரண்டை விட்டுவிட்டேன், எண்ணிக்கையை விடவில்லை.

அந்தப் பதினொன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தாராளமாகக் கிழித்துப் பார். பெண் பார்க்க வருகிறவர்களை அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டேன்.

அபூர்வம் என்ற சொல்லை இனி இலைக்குச் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா