காற்று விலகியதும் கேட்ட குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எனக்குப் போதும். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்தாயிற்று. இனி வீடெங்கும் தண்ணீர் ஓடாது.

போனில் சொல்ல நா எழாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் ஒரு மத்தியானம் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பூட்டிக் கிடந்த உன் அம்மாவின் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "என்னங்க, இங்க வாங்களேன், வெளிச்சம் வந்துடுச்சு" என்றாள். நான் பயப்படவில்லை பாப்பா, அதுதான் இப்போது நினைத்தால் உதறுகிறது. "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். கதவில் கை வைத்த பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவுக்கு வந்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் ஆராய்ச்சி படித்த பெண்ணை, அதுதான் அவள் குருவி என்று கூப்பிடுவாளே, அவளை வரச்சொன்னேன். ஓடி வந்து அறையைத் திறந்து, கணினியைப் பார்த்து அழுதாள். அம்மா கடைசிவரை விடாமல் பார்த்த, வானத்தின் கோடியில் ஒரு கருந்துளையைச் சுற்றி எரியும் அந்தக் குவேசார் உனக்கு ஞாபகம் இருக்குமே. அதன் எக்ஸ்-கதிர் திடீரென்று மங்கியபோது, அது அடங்கிவிட்டது என்று கூட வேலை செய்தவர்கள் கைவிட்டார்கள். அம்மா மட்டும் ஒப்பவில்லை. கருந்துளையை ஒட்டின சின்ன இடத்திலிருந்து எக்ஸ்-கதிர் வருகிறது, சுற்றியுள்ள அகலமான வாயுத் தட்டிலிருந்து புற ஊதா வருகிறது, தட்டிலிருந்து கிளம்பிய காற்று நடுவை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்றாள். புற ஊதா ஒளியின் வரைபடத்தில், அந்தக் காற்று ஒளியைத் தின்ற இடங்களில் விழுந்த பள்ளங்கள்தான் அவளுக்குச் சாட்சி. "அணையலைங்க, மறைஞ்சிருக்கு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் சொல்வாள்.

அந்தக் காற்று விலகிவிட்டதாம். எக்ஸ்-கதிர் பழையபடி வருகிறது, பள்ளங்களும் ஆழம் குறைந்துவிட்டன. அதைக் கண்காணிக்கும் விண்கலத்தின் அளவுகளைக் கணினி தானாக வாங்கிப் பார்த்து, இந்த நாளுக்கென்று அவள் பேசி வைத்ததை ஒலிக்கவிட்டிருக்கிறது. "ஆஸ்பத்திரியில என் போன்லதான் பேசினாங்க மாமா. நீங்க பயந்துடுவீங்கன்னு சொன்னேன். பயந்தாலும் பரவாயில்ல, முதல்ல அவருக்குத்தான் தெரியணும்னாங்க" என்றாள் குருவி. அம்மா சொன்னதே சரி என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களாம். எனக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை.

குரலை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். காற்று மறுபடி மறைக்குமா என்று நான் கேட்டேன். மறைக்கலாம், மறைத்தால் விலகவும் செய்யலாம், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். அன்றிலிருந்து தொலைக்காட்சி போடுவதில்லை. கடைக்குப் போனாலும் கால் வீட்டுக்கே இழுக்கிறது. உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய், கோபித்துக்கொள்ளாதே, இப்போது முடியாது.

கடைசி நேரத்தில் உனக்கு விமானம் கிடைக்கவில்லை, அவள் குரலைக் கேட்காமலே போயிற்று. அந்தப் பதிவு குருவியிடம் இருக்கிறது. அனுப்பட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றாலும் குற்றமில்லை.

இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கேட்பதானால் தனியாக இருக்கும்போது கேட்காதே, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். உன்னையும் அறியாமல் பதில் சொல்லிவிடுவாய்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா