குல்வந்த் அம்மா வீட்டுக் கல்யாணம்

7.2.2008, வியாழன்

வாடைக்காற்று. கடல் கலங்கல். தை அமாவாசைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பையில் கேமரா இரண்டு, ஃபிளாஷ், பேட்டரி, மாற்றுச் சேலை, தலைவலித் தைலம். லென்ஸ் துடைக்க அவருடைய பழைய பனியன் துணி. வேறு எதில் துடைத்தாலும் மனசு ஒப்பவில்லை.

அவர் போன பிறகு முதல் கல்யாணம். மூன்று வருஷமாகப் பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, சாவு வீடு. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. போன வைகாசியில் ஒருத்தர் பத்திரிகையோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். என் நெற்றியைப் பார்த்தார். "எடுக்கிறதுக்கு வேற ஆளு இல்லையாத்தா?" பிறகு வாரேன் என்று போனவர்தான்.

இந்த வேலை அன்பழகன் பிடித்துக் கொடுத்தது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர், மதுரையில் வீடியோ எடுப்பவர். சீக்கியக் கல்யாணம், கடற்கரை விடுதியில் நான்கு நாள். பெண்கள் பக்கம் எடுக்கப் பொம்பளை ஆள் வேண்டுமாம். வந்ததும் வாசலிலேயே நிறுத்தினார். "மதினி, ஒரு பொட்டு வச்சுக்கங்க. பாஷை தெரியாத சனம். எதுக்கு வம்பு?" ஒட்டுப்பொட்டு அட்டையை நீட்டினார். வாங்கி ஒட்டிக்கொண்டேன். குளியலறைக் கண்ணாடியில் பழைய செல்வி நின்றாள். அதிகம் பார்க்கவில்லை.

பெண்ணின் அம்மா குல்வந்த் கவுர். ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளைச் சுடிதார். நான் கையைக் காலை ஆட்டி ஏதோ சைகை காட்ட, "என்னடி, ஊமையா நீயி? சாப்பிட்டியா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்காரர் கடற்படையில் இருந்தவர். உச்சிப்புளியில் எட்டு வருஷம் குடியிருந்திருக்கிறார்கள். பெண் மன்பிரீத் சின்னப் பிள்ளையில் வளர்ந்தது அங்கேதான். அவர் தவறிப்போய் இரண்டு வருஷம். அப்பாவுக்குப் பிடித்த கடல், கல்யாணம் இங்கேதான் என்று பெண் ஒரே பிடிவாதம். மாப்பிள்ளை கனடா.

"உன் வீட்டுக்காரரு என்ன செய்யிறாரு?"

"ஸ்டுடியோவைப் பாத்துக்கிறாரு."

தானாக வாயில் வந்துவிட்டது.

8.2, வெள்ளி

மருதாணி. முழங்கை வரை வைக்கிறார்கள். மன்பிரீத்துக்கு மூக்கு அரித்தால் சொறிந்துவிட ஓர் ஆள். டோலக் அடித்துப் பாட்டு, அர்த்தம் கேட்டேன். "மாமியாளைத் திட்டுறாளுக" என்றார் குல்வந்த் அம்மா. எல்லா ஊரிலும் உண்டு.

பெண்ணின் அத்தை லூதியானாவிலிருந்து வந்து இறங்கினார். செத்துப்போனவரின் அக்கா. வந்ததும் அதிகாரம் அவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னதும் அவர்தான்.

காலையிலிருந்து என் வீட்டுக்காரர் ஞாபகம்தான். கல்யாணமான புதிதில் லைட் பிடிக்கக் கூட்டிப்போவார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். அடுத்து எங்கே நகர்வார் என்று என் காலுக்குத் தெரியும். திருப்பாலைக்குடியில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் பெட்ரோமாக்ஸ் வாங்கி, ஆளுக்கு ஒன்றாய்த் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எடுத்தார். அப்படி ஒரு மஞ்சள் வெளிச்சம் பிறகு எந்த ஃபிளாஷிலும் வந்ததில்லை.

ஏர்வாடியில் நிக்காஹ். பெண் இருக்கிற அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "எனக்கு என்னங்க தெரியும்?" என்றேன். "இத்தன நாளு வெளிச்சம் பிடிச்சவளுக்கு என்ன தெரியாது? போ." கை நடுங்கி முதல் ஆறு படம் கலங்கல். ஏழாவதில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதை ஸ்டுடியோ கண்ணாடியில் மாட்டியிருந்தார். அதற்குப் பிறகு சில கல்யாணங்களில் நான் எடுக்க, அவர் பின்னால் நின்று லைட் பிடிப்பார்.

இன்று மருதாணிக் கையை எடுக்கும்போது பின்னால் வெளிச்சம் நகரும் என்று காத்திருந்தேன். ஒரு நொடிதான். பைத்தியம்.

மீன் வறுவல் நன்றாக இருந்தது. வலது குதிகால் வலி.

9.2, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் மஞ்சள். பெண்கள் மட்டும். மன்பிரீத்தை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் சிவப்புத் துணியை நாலு பேர் விரித்துப் பிடித்தார்கள். கிண்ணத்தில் மஞ்சள், மாவு, எண்ணெய். அத்தை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பூசச் சொன்னார். குல்வந்த் அம்மா மட்டும் தூணோரம். அந்த ஒதுங்கல் எனக்குத் தெரியும். கை ரெண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு, முகத்தில் மட்டும் சிரிப்பு. கேமரா அந்தப் பக்கம் போனது. எடுக்க முடியவில்லை.

மன்பிரீத், "மம்மி, வா" என்றாள். தமிழில் அவளுக்கு மிச்சம் இருக்கிற நாலைந்து வார்த்தைகளில் ஒன்று. அத்தை பஞ்சாபியில் ஏதோ சொன்னார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்புறம் அத்தை என் பக்கம் திரும்பினார். தன் நெற்றியைத் தொட்டார், என் பொட்டைக் காட்டினார், கிண்ணத்தைக் காட்டினார். பிரியமாகத்தான்.

குல்வந்த் அம்மா தூணோரமிருந்தே சொன்னார்: "புருஷன் உள்ளவுகதான் தொடணுமாம். உன்னையும் வைக்கச் சொல்லுது. போய் வைடி."

பெற்றவள் அங்கே நிற்க, நான் போய் வைப்பதா? கேமராவை இறக்கினேன்.

"அம்மா, எனக்கும் அவரு இல்லம்மா. மூணு வருஷமாச்சு. அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"பின்ன இந்தப் பொட்டு?"

"வேலை போயிருமேன்னுதான்."

திடீரென்று சத்தமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். விறுவிறுவென்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாடி." தன் வெறும் நெற்றியையும் என்னையும் காட்டிப் பஞ்சாபியில் ஏதோ சொல்லியபடியே நேரே மணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அத்தை குரலை உயர்த்த, மன்பிரீத் உட்கார்ந்தபடியே ஒரே வார்த்தை சொன்னாள். அத்தை நிறுத்திவிட்டார். மகள் முகத்தை நிமிர்த்திக் காட்ட, அம்மா கை நிறைய அள்ளி நெற்றியிலிருந்து தாடை வரை பூசினார். பிறகு என் கையைக் கிண்ணத்தில் அமுக்கினார்.

"வேணாம்மா."

"உங்க ஊருத் தண்ணியக் குடிச்சுத்தான் இவள வளத்தேன். வைடி."

இடது கன்னத்தில் வைத்தேன். சூடாக இருந்தது. முன்பெல்லாம் எத்தனை பெண்களுக்குப் பூ சரிசெய்திருக்கிறேன், நெற்றிச்சுட்டியை நேராக்கியிருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து ஒரு மணப்பெண்ணைத் தொடுகிறேன்.

அத்தை எழுந்து போய்விட்டார். அந்த நிமிஷத்துக்குப் படம் கிடையாது. கேமரா என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அன்பழகன் ஓடி வந்தார். "கெடுத்தீகளே மதினி! அந்தப் பெரியம்மா வேற போட்டோகிராபர் கேக்குதாம். விடுதி மேனேஜர் மதுரைக்குப் போன் போடப் போறாரு." பையைக் கட்டி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். பயம்தான். ஆனால் மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்த மாதிரியும் இருந்தது.

சாயந்திரம் மன்பிரீத்தே வந்தாள். தாய்மாமன் போட்டுவிட்ட சிவப்பு வெள்ளை வளையல் முழங்கை வரை. பையை அவிழ்த்துக் கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அக்கா, போட்டோ" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. எடுத்தேன்.

10.2, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. வேதப் புத்தகம் இருக்கிற இடத்தில்தான் சடங்கு, கடற்கரையில் வேண்டாம் என்று குல்வந்த் அம்மா சொல்லிவிட்டதால் ராமேஸ்வரம் குருத்வாராவில். சின்ன இடம். எல்லாரும் தரையில். நானும் முக்காடு போட்டு முட்டி போட்டபடி எடுத்தேன். ஃபிளாஷ் போடவில்லை, ஜன்னல் வெளிச்சமே போதுமாக இருந்தது.

மாப்பிள்ளை தோளில் கிடக்கும் துணியின் மறுமுனையை அப்பா எடுத்துப் பெண் கையில் கொடுக்க வேண்டுமாம். யார் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். குல்வந்த் அம்மாதான். கை நடுங்காமல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் நடுங்கியது. இரண்டையும் எடுத்துவிட்டேன். அவர்கள் வேதப் புத்தகத்தைச் சுற்றி நாலு சுற்று. பாட்டு ஒரு வார்த்தை புரியவில்லை. எங்கே அழ வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

பிறகு உள்ளங்கையில் சூடாக நெய் சொட்டும் அல்வா. கேமராவைத் தொட முடியாமல் சின்னப் பிள்ளை மாதிரி நக்கிச் சாப்பிட்டேன். அன்பழகன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணன் இருந்தா ரெண்டாந் தடவ போயி வாங்கியிருக்கும்." உண்மை. சர்க்கரைப் பொங்கலுக்கே இரண்டு முறை வரிசையில் நிற்கிற ஆள்.

சாயந்திரம் விடுதியிலிருந்து பெண் கிளம்பும்போது அரிசியை அள்ளித் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்தாள். அம்மா துப்பட்டாவை ஏந்திப் பிடித்தார். கார் போன பிறகும் ஏந்தியபடியே நின்றார்.

எல்லாரும் உள்ளே போய்விட, அத்தை மட்டும் மணலில். இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுக்கவில்லை. கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். செத்துப்போனவர் அவருக்குத் தம்பி. நான் அதை நினைக்கவே இல்லை. குல்வந்த் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டா அரிசியில் கொஞ்சம் அவர் மடியில் போட்டார். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எடு என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரே படம். எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

11.2, திங்கள்

நல்ல வெயில். அன்பழகன் மதுரைக்குப் போய்விட்டார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது குல்வந்த் அம்மா, "இருடி, நானும் வாரேன். உச்சிப்புளி வரைக்கும்" என்றார். கார் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே. ஜன்னலோரம்.

அவர்களுடைய பழைய கடற்படைக் குடியிருப்பு வாசலில் நின்றோம். "இங்கன நிக்கிறேன். ஒண்ணு எடு" என்றார். காவல்காரர் வந்து படம் எடுக்கக்கூடாது என்றார். மரியாதையாகத்தான். குல்வந்த் அம்மா கோபப்படவில்லை. "அவரும் இப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்று சிரித்தார்.

எதிர்ச் சாரியில் டீக்கடை. வேலிக்கு மேலே மரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைப்பா கட்டுமுன்ன அந்தத் துணிய நீட்டி மடிக்கணும்டி. ஒரு முனை அவரு, ஒரு முனை நான். தினமும் காலையில. கைவேலையை அப்பிடியே போட்டுட்டு ஓடுவேன், திட்டிக்கிட்டே. நேத்துக் காலையில மாப்பிள்ளைப் பையன் தலைப்பாத் துணிய எடுத்தான். என் கை தானா நீண்டுருச்சு."

"எனக்குந்தாம்மா. லைட்டுப் பிடிக்க."

"பேரு என்ன அவருக்கு?"

மூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லை. நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவர் இருந்தபோதுகூட. சொன்னேன்.

குல்வந்த் அம்மாவும் அவர் வீட்டுக்காரர் பேரைச் சொன்னார்.

ரா.புரம் பஸ் வந்து நின்றது. "அடுத்ததுல போ" என்று இன்னும் இரண்டு டீ சொன்னார்.